கை எட்டும் இரண்டு தட்டுகள்

அன்று காலை நான் ஒரு டீ-ஷர்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றேன். இடது கை வெளியே வந்துவிட்டது. தலை பாதி வழியில் நின்றது. வலது கை முழங்கை மடிந்தபடி மார்போடு ஒட்டிக் கிடந்தது. துணியை மேலே தள்ளவும் முடியவில்லை, கீழே இழுக்கவும் முடியவில்லை. வெளிர்நீலத் துணி வழியாக ஜன்னல் வெளிச்சம் மங்கலாக உள்ளே வந்தது. கழுத்துப் பட்டையில் தைத்திருந்த லேபிள் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. ‘M’, நடு அளவு என்று அதில் இருந்தது.

"ஏனுங்க, சித்த இங்க வாங்க."

கணவர் வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்து நின்றது அவர் பேச்சிலேயே தெரிந்தது. "என்னாச்சு?"

"சட்டைக்குள்ள மாட்டிக்கிட்டேனுங்க."

"போடறியா, கழட்டறியா?"

"ரெண்டும் இல்லீங்க. நடுவுல நிக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, துணியின் அடி ஓரத்தை இரு கையாலும் சுருட்டிப் பிடித்து, ஆடாமல் மெதுவாக மேலே எடுத்தார். கடைப் பொம்மைக்கு மாட்டிய சட்டையைக் கழற்றும் நிதானம் அது. பின்னல் துணி எந்தப் பக்கம் இளகும் என்பது அவருக்குத் தெரியும். திருப்பூரில் சிறிய தையல் கம்பெனி ஒன்றை நடத்துபவர் அவர். வெளிநாட்டு ஆர்டர்களை எடுத்துச் செய்யும் பெரிய நிறுவனங்களுக்குத் தைத்து, சோதித்து, இஸ்திரி போட்டு, உறையிலிட்டுக் கொடுப்பது அவருடைய தொழில்.

என் வலது தோள் இறுகத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் தலை பின்ன முடியாமல் போனது. பிறகு மேல் அலமாரியில் இருந்த புளி டப்பா எட்டாமல் போனது. ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிவிடுகிறது, தானாகவே இளகும், எப்போது என்று மட்டும் சொல்வதற்கில்லை என்றார். சுவரில் விரல்களால் மேலே ஏறிப் பழகச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் தவறாமல் ஏறினேன். விரல்கள் என் மார்பு உயரம் வரை போய் நின்றுவிடும். அதற்கு மேல் சுவர் வெறும் சுவர்தான்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் நூலகர். அங்கே ஆசிரியைகளும் அலுவலர்களும் சேலைதான் கட்ட வேண்டும். தோள் இறுகிய நாளிலிருந்து கோடை விடுமுறை வரை தினமும் காலையில் கணவர்தான் எனக்கு ரவிக்கையை மாட்டி, கொசுவத்தைச் சரிசெய்து, முந்தானையில் ஊசி குத்திவிட்டார். உதட்டில் ஊக்கைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்களை இடுக்கிப் பார்ப்பார். தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை. ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் சரக்கு அனுப்பும் அவசரத்தில் அவர் விடியலிலேயே கிளம்பிப் போய்விட்டார். அன்று நான் கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். உடம்பு சரியில்லை என்றேன். உண்மையில் எனக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் அதிகமில்லை. சேலை கட்டிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான். கட்டிலில் அமர்ந்து, அரைகுறையாகச் சுற்றிய சேலையோடு, வாசலில் கல்லூரிப் பேருந்து நின்று போனதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவர் அக்கறையோடுதான் சொன்னார். "வேலைய உட்டுறு புள்ள. இத்தன வருசம் பார்த்தது பத்தாதா? ஊட்டுல இருந்தா நைட்டியோட இருந்துக்கலாம். கையும் நோகாது."

 நான் மனதிற்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் நாளில் நானே உடுத்திக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் அன்றே வேலையை விட்டுவிடுவேன். நடுவில் நிற்கப் போவதில்லை.

டீ-ஷர்ட்டிலிருந்து விடுபட்ட அந்தக் காலை, அவர் கம்பெனிக்குக் கிளம்பிய பின், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

எங்கள் வீட்டுத் துணிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். புதிதாக ஓர் ஆர்டர் வருமுன் மாதிரிக்குச் சில உருப்படிகள் தைப்பார்கள். சாம்பிள் என்பார்கள். அது எப்போதும் நடு அளவில்தான் தைக்கப்படும். அதைப் பார்த்து ஒப்புதல் வந்த பிறகே மற்ற அளவுகள். கூடுதலாகத் தைத்த ஒன்றிரண்டு வீட்டுக்கு வரும். அதனால் எங்கள் வீட்டில் அனைவரும் நடு அளவுக்காரர்கள். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் பள்ளி நாட்களில் அந்த அளவுக்குள் நீந்தினாள், கல்லூரி நாட்களில் அதை நிரப்பினாள். கணவர் நாற்பது வயதில் அதைத் தாண்டிவிட்டார், இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் திருமணமான முதல் வருடம் தவிர வேறெப்போதும் அந்த அளவில் இருந்ததில்லை. ஆனாலும் இருபது வருடங்களுக்கு மேலாக வீட்டில் அதைத்தான் அணிந்தேன். துணிக்குத் தக்கபடி எங்களை நாங்கள் அளந்துகொண்டோம்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். அந்தத் துணிகள் அனைத்தும் தலை வழியாகப் போடுபவை. பின்னலாடை ஊரில் முன்பக்கம் திறக்கும் உடை ஒன்றைக்கூட நான் வைத்திருக்கவில்லை.

சேலைகளின் கதை வேறு. எங்கள் பக்கம் காது குத்து, பூப்பு நன்னீராட்டு, கிரகப் பிரவேசம் என்று எந்த விசேஷமானாலும் உறவுக்காரர்கள் சீராகச் சேலை எடுத்து வைப்பார்கள். வந்த சேலை உறை பிரிக்காமல் அடுத்த விசேஷத்துக்குக் காத்திருக்கும். எங்கள் பீரோவில் இருந்தவற்றில் பாதி எனக்காக வாங்கியவை அல்ல. யாருக்காகவும் வாங்கியவையும் அல்ல. ஒரு விசேஷத்திலிருந்து இன்னொரு விசேஷத்துக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் தங்கியவை அவை.

நூலகத்தில் ஆண்டுதோறும் பழைய நூல்களைக் கழிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அங்கே என் கை தயங்கியதில்லை. ஒரு நூலை நீக்குமுன் அது நல்ல நூலா என்று நான் கேட்பதில்லை. நல்ல நூல்கள்தான் பெரும்பாலும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். இப்போது, இங்கே, இதை யாருடைய கை எடுக்கும் என்றுதான் கேட்பேன். இந்தக் கேள்வியை என் பீரோவிடம் கேட்க ஒரு தோள் இறுக வேண்டியிருந்தது.

பீரோவின் முன் நேராக நின்று, வலது கையை வலிக்காத உயரம் வரை தூக்கினேன். அந்த இடத்தில், கணவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையில் கிடந்த தையல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். இடுப்பு உயரத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே இரண்டு தட்டுகள் இருந்தன. எனக்குரிய துணி அனைத்தும் அந்த இரண்டு தட்டுகளுக்குள் அடங்க வேண்டும். அதில் இருப்பதை நானே எடுத்து, நானே அணிய முடிய வேண்டும். மேல் தட்டில், கீழ் இழுப்பறையில், பரணில், பெட்டியில் உள்ளவை எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் கொடுத்ததானாலும், இந்த இரண்டு தட்டுகளில் இடம் பிடிக்காவிட்டால் வீட்டை விட்டுப் போகும். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே இல்லை. கை எட்டுமா என்பது மட்டும்தான் கேள்வி.

உள்ளே வந்தவை கொஞ்சம். வழுக்காத, அதிகம் விறைக்காத பருத்திச் சேலைகள் ஆறு. அவற்றுக்கான ரவிக்கைகளை எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்து, கையையும் அக்குளையும் பிரித்து ஒரு துண்டு சேர்த்துத் தளர்த்தி வாங்கினேன். "அம்மணி, பிட்டிங் போயிருமுங்க" என்று அவர் வருத்தப்பட்டார். போகட்டும் என்றேன். வீட்டுக்கு, முன்பக்கம் கடைசி வரை பொத்தான் வைத்த நைட்டிகள். அவற்றைக் கடையில் வாங்கினேன். என் அளவு என்ன என்று கடைப்பெண் கேட்டபோது பதில் தெரியாமல் நின்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு அளவு மேலே எடுத்துக் கொடுத்தாள். சரியாக இருந்தது.

வெளியே போக வேண்டியவை கூடத்தில் மலையாகக் குவிந்தன. வீட்டு வேலைக்கு வரும் பெண் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது.

"யக்கா, எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். உனக்கு வேணுங்கறத எடுத்துக்க."

உறை பிரிக்காத சேலைகளில் மூன்றை யோசித்து எடுத்தாள். டீ-ஷர்ட் மலையின் பக்கம், இந்த ஊர்ப் பேச்சில் சொன்னால் பனியன் மலையின் பக்கம், திரும்பியே பார்க்கவில்லை.

"இதுல எதுவும் வேண்டாமா? புதுசும் இருக்குது பாரு."

"பனியனா? ஆள விடுங்கக்கா. எங்க வீட்ல மூணு பேரு கம்பெனிக்குப் போறாக. எங்க தலகாணிக்குள்ள கூடப் பனியன்தான் கெடக்கு."

"ஊருக்குப் போறப்ப சொந்தக்காரங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாமல்லோ?"

"நான் பையத் தூக்கிட்டுப் பஸ்ஸ விட்டு எறங்குனாலே எங்க மைனி கத்துது, 'ஏ, பனியன்காரி வந்துட்டா, கதவச் சாத்துங்கடி'ன்னு. அங்கயும் பரண் நெறஞ்சு போச்சுக்கா."

முதியோர் இல்லம் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசினேன். மிக மரியாதையான குரல். "சேலை, போர்வை இருந்தாக் குடுங்க, சந்தோசமுங்க. பனியன் மட்டும் வேண்டாமுங்க. மாசமானா யாராச்சும் ஒரு கம்பெனிக்காரரு மூட்டையோட வந்துடறாங்க. நாங்களே என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறமுங்க."

எல்லார் வீட்டிலும் கிணறு இருக்கும் ஊரில் தண்ணீரைத் தானம் செய்யப் போனவளைப் போல ஆனது என் நிலை. கடைசியில் பழைய பனியன் துணியை எடைக்கு எடுத்து, இயந்திரம் துடைக்கும் துணியாக வெட்டி விற்பவரை அழைத்தேன். அடுத்த வியாழக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார்.

அதற்குள் கட்டி வைக்க நினைத்தேன். அள்ளி மூட்டையில் திணிக்க எனக்கு மனம் வராது. இடது கையாலேயே நிறம் நிறமாகப் பிரித்தேன். பத்துப் பத்தாக, ஒன்றின் கழுத்து இந்தப் பக்கம், அடுத்ததன் கழுத்து அந்தப் பக்கம் என்று மாற்றி அடுக்கினேன். கம்பெனியில் வெட்டிக் கழித்த துணி நாடாவால் குறுக்காகவும் நெடுக்காகவும் கட்டினேன். முடிச்சுக்கு ஒரு முனையைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் வாழ்பவர்களுக்குத் துணியை வேறு விதமாகக் கட்டத் தெரியாது. வேலைக்காரப் பெண் அவற்றைக் கொண்டுபோய் வாசல் கேட்டுக்கு உள்பக்கம் அடுக்கினாள்.

சனிக்கிழமை மாலை நாங்கள் கடைக்குப் போய்த் திரும்பியபோது கட்டுகள் அங்கே இல்லை. எடைக்காரர் முன்னதாகவே வந்து எடுத்துப் போய்விட்டார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்தபோது, மூச்சு எங்கோ ஆழம்வரை போய் வந்தது.

மறுநாளிலிருந்து பயிற்சியைத் தொடங்கினேன். கணவர் கப்பல் சரக்கு விஷயமாகத் தூத்துக்குடி போயிருந்தார். வீட்டில் யாருமில்லாதது வசதியாக இருந்தது. பாவாடை நாடாவின் ஒரு முனையைப் பீரோக் கதவில் சிக்க வைத்து மறுமுனையை இடது கையால் இழுத்து முடிச்சிடப் பழகினேன். ரவிக்கையில் முதலில் வலது கை நுழைய வேண்டும், பிறகுதான் இடது. வாழ்நாள் முழுவதும் நான் அதைத் தலைகீழாகச் செய்துவந்திருக்கிறேன். சேலையில் கொசுவம்தான் பெரிய சோதனை. இடது கை மடிக்க, வலது கை இடுப்பருகே வெறுமனே பிடித்துக்கொள்ள வேண்டும். நான்காவது மடிப்பில் முதல் மடிப்பு நழுவும். முந்தானையை முதல் நாளே கட்டிலில் விரித்து மடித்து ஊசி குத்தி வைத்துவிட்டால், காலையில் அதைத் தூக்கித் தோளில் போட்டால் போதும் என்று கண்டுபிடித்தேன். முதல் நாள் சேலை கூடத்தைத் தாண்டுமுன் அவிழ்ந்தது. இரண்டாம் நாள் சமையலறை வரை வந்தது. நான் அவசரப்படவில்லை. பொறுமை எனக்கு இயல்பாக வருவது. அதை இத்தனை நாள் பிறருக்காகவே செலவழித்திருந்தேன்.

புதன்கிழமை முற்பகல் வாசலில் டெம்போ வந்து நின்றது. எங்கள் கம்பெனி வண்டி. ஓட்டுநர் பொங்கலூர்க்காரர், பல வருடங்களாக எங்களோடு இருப்பவர். பின்கதவைத் திறந்து அட்டைப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினார்.

"ஏனுங்கக்கா, சரக்கு ரெடிங்க. எங்க வெக்கறதுங்க?"

"என்ன சரக்கு?"

"நீங்க கட்டி வெச்சிருந்தீங்களேங்க, சனிக்கெழம. கேட்டுக்குள்ள. இந்தப் பக்கமா வந்தனுங்க, பாத்தனுங்க, ஏத்திட்டுப் போயிட்டனுங்க."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "அது வேஸ்ட்டுக்குப் போடறதுக்குக் கட்டி வெச்சது."

அவர் பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றார். "வேஸ்ட்டா? கலர் பிரிச்சு, பத்துப் பத்தா அடுக்கி, நாடா போட்டுக் கட்டியிருந்துச்சுங்களே. வேஸ்ட்ட யாருங்க அப்படிக் கட்டுவாங்க?"

"கம்பெனில யாரும் கேக்கலியா?"

"செக்கிங்ல கேட்டாங்க, எந்த ஆர்டருன்னு. ஓனரூட்டுச் சரக்கு, அர்ஜென்ட்டுன்னனுங்க."

"அர்ஜென்ட்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"வாசல்லயே வெச்சிருந்தீங்களேங்க. அர்ஜென்ட்டாத்தான இருக்கோணும்?"

அவர்மேல் கோபம் கொள்ள வழியே இல்லை. கட்டிய விதத்தில் தவறு எதுவும் இல்லை. அந்தத் தவறின்மைதான் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

தூத்துக்குடியிலிருந்து அன்று மதியம் திரும்பிய கணவர் கூடத்தில் பெட்டிகளைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு பெட்டியைப் பிரித்தார். உள்ளே எங்கள் பழைய துணிகள், இஸ்திரி போட்டு, அட்டை வைத்து மடித்து, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், உறையின் மேல் அளவு ஒட்டுத்தாளோடு இருந்தன. அவர் நாற்காலியில் அமர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம கம்பெனில இத்தன வேகமா ஒரு ஆர்டர் முடிஞ்சதே இல்ல புள்ள."

சிரிப்பு அடங்கிய பின் உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். சோதனைப் பிரிவில் குறையுள்ள இடத்தைக் காட்ட, சிறிய சிவப்பு அம்புக்குறி ஒட்டுத்தாளை ஒட்டுவது வழக்கம். பெயர் தெரியாத ஏதோ ஒரு பெண் எங்கள் துணிகளையும் விளக்கடியில் விரித்து, கடமை தவறாமல் அம்புகளை ஒட்டியிருந்தாள். பச்சைச் சட்டையின் கழுத்தோரம் இளகித் தொங்கும் இடத்தில் ஓர் அம்பு. மகள் குழந்தையாக இருந்தபோது அந்தக் கழுத்தைப் பற்றிக்கொண்டுதான் தூங்குவாள். சாம்பல் நிறச் சட்டையின் வயிற்றுப் பகுதியில் வரிசையாக அம்புகள். சமையல் மேடையின் கல் விளிம்பில் உரசி உரசி விழுந்த ஊசித்துளைகள் அவை. மஞ்சள் கறைக்கு ஒன்று. கணவரின் மூக்குக்கண்ணாடி உடைந்த நாளில் அவர் கவனியாமல் தீய்த்த இஸ்திரித் தடத்துக்கு ஒன்று. நாங்கள் வாழ்ந்த இடங்களில் எல்லாம் அம்பு இருந்தது. நான் அவற்றை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒன்றைக்கூட விடவில்லை. என் கண்கள் நனைந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை.

 கணவர் எழுந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, பீரோவில் சுண்ணக்கோட்டுக்குக் கீழே, என் சேலைகளுக்குப் பக்கத்தில் உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அதுல எதுக்குங்க வெக்கறீங்க?"

"பாதித் தட்டு காலியாத்தான இருக்குது?"

"காலி இல்லீங்க. அது என்ற கை போயிட்டு வர்றதுக்கான எடமுங்க."

"இப்பப் பாரு, எல்லாம் புதுசாட்டம் இருக்குது. இதப் போயி மிசினு தொடைக்கக் குடுக்கறதா? நாலு மாசம் போனாக் கை சரியாயிரும். அப்புறம் போட்டுக்குவே."

"ஆகலீனா?"

அவர் கையில் இருந்த உறை சரசரத்தது. "ஆகும். டாக்டரே சொன்னாருல்ல."

"ஆகட்டுமுங்க. ஆகற வரைக்கும் இந்தக் கையோடதான் நான் காலேஜுக்குப் போகோணும். திங்கக்கெழம தொறக்கறாங்க."

"நாந்தான் தெனமும் உடுத்தி உடறனே. ஒரு நாளாச்சும் மொணகுனனா?"

"மொணகலீங்க. மொணகியிருந்தா நான் இன்னும் வெரசாக் கத்துக்கிட்டிருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத பார்வை. எனக்கு அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அந்தத் துணிகளை அவர் என் பழைய கைக்காக வைத்திருக்கிறார். அவற்றை அனுப்பிவிட்டால், அந்தக் கை திரும்பாது என்று தாமே கையெழுத்துப் போட்டது போல அவருக்கு ஆகிவிடும். அந்த எண்ணத்தின் அன்பு எனக்குப் புரிந்தது. ஆயினும் அந்த அன்புக்காக இன்னொரு முறை நான் துணிக்குள் சிக்கி நிற்கத் தயாராக இல்லை.

"திங்கக்கெழம என்னால முடியலீனா நானே வேலைய உட்டர்றனுங்க. முடிவு பண்ணி வெச்சிருக்கறேன். அதுக்கு இந்த ரெண்டு தட்டு எனக்கு வேணும். உங்க பீரோ மாடில இருக்குது. அதுல நீங்க எத வேணும்னாலும் வெச்சுக்குங்க. நான் வந்து பாக்கக்கூட மாட்டேன்."

 அவர் அடுக்கியவற்றைத் திரும்ப எடுத்தார். ஒரு பெட்டி மாடிக்குப் போனது. அதில் எவை போயின என்று நான் கேட்கவில்லை. மற்றவை கேட்டருகே போயின. இந்த முறை நான் கட்டவில்லை. வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி, கண்டபடி சாக்கில் திணிக்கச் சொன்னேன். வியாழக்கிழமை வந்த எடைக்காரர் சாக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னார். உறையைக் கிழித்து உள்ளே பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மணி, அயர்ன் பண்ணி, பேக் பண்ணி வேஸ்ட்டுப் போடற ஊட்ட இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். பணக்காரத் துணிங்க. மிசினுக்குத்தான் குடுத்து வெச்சிருக்கோணும்."

கல்லூரி திறந்த திங்கட்கிழமை நான் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்தேன். குளித்து வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் தட்டிலிருந்து ரவிக்கை, இரண்டாம் தட்டிலிருந்து செங்கல் நிறச் சேலை. தேடவோ யோசிக்கவோ எதுவுமில்லை. அதுவே பாதிப் பலமாக இருந்தது. வலது கையை நுழைத்தேன். தோள் ஒருமுறை சுரீரென்றது. நின்று, மூச்சு விட்டு, மறுபடி நுழைத்தேன். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கொசுவம் முதல் முறை சரிந்தது. இரண்டாம் முறையும் சரிந்தது.

வெளியே கணவரின் செருப்புச் சத்தம் கதவு வரை வந்து நின்றது.

"வரட்டுமா?"

"வேண்டாமுங்க."

"நேரமாகுதே."

"ஆகட்டுமுங்க."

செருப்புச் சத்தம் திரும்பிப் போகவில்லை. ஆனால் கதவும் திறக்கவில்லை. மூன்றாம் முறை மடிப்புகளைச் சற்று அகலமாக எடுத்தேன், எண்ணிக்கையைக் குறைத்தேன். அழகு குறைந்தது, பிடி கிடைத்தது. இடுப்பில் செருகி, குறுக்கே ஒரு பெரிய ஊசி. முந்தானையைத் தூக்கித் தோளில் போட்டேன். அது நின்றது.

கதவைத் திறந்தேன். அவர் கம்பெனிக்குக் கிளம்பாமல், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பின்பக்கம் சேலை ஒரு விரல் அளவு தூக்கியிருந்தது எனக்கே தெரியும். அவர் கை இழுத்துவிட எழுந்தது. பாதியில் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"கொசுவம் கொஞ்சம் பட்டையா இருக்குது" என்றார்.

"இனிமே அப்படித்தானுங்க கட்டுவேன்."

"நல்லாத்தான் இருக்குது. பஸ்ஸு போயிருக்கும். வா, நான் கொண்டு வந்து உடறேன்."

பேருந்து போயிருக்கவில்லை. தெரு முனையில் அதன் ஒலி கேட்டது. நான் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பேருந்துப் படியில் ஏறும்போது சேலை தடுக்கியது. ஒரு மாணவி கை நீட்டினாள். பற்றிக்கொண்டு ஏறினேன். நூலகத்தைத் திறந்து, விளக்கைப் போட்டு, விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடந்த அறையின் ஜன்னல்களில் என் கைக்கு எட்டியவற்றைத் திறந்தேன். நண்பகலில் கொசுவம் நெகிழத் தொடங்கியது. வரலாற்று நூல்களின் வரிசைக்குப் பின்னால் போய், யாருக்கும் தெரியாமல் அவிழ்த்து, மடித்து, செருகிக்கொண்டேன். வெளியே யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கறேன். வர்றேன்" என்றேன்.